நாற்பத்திரண்டா, நாற்பத்தைந்தா

இறந்துபோன அப்பாவின் படத்துக்கு முன்னால் தோ மாமா இரண்டு முறை விழுந்து வணங்கினார். பிறகு மகள் போக்யங் பக்கம் திரும்பி ஒரு முறை. அவளும் எதிரே விழுந்து வணங்கினாள். எழுந்ததும் பட்டறைக்காரராக நேரே தகடு வெட்டும் பேச்சுக்கு வந்தார்.

"எந்த ஃபைலைம்மா வெட்டணும்? ரெண்டு அனுப்பியிருக்கே."

"தெரியல மாமா."

அது உண்மை. மருத்துவமனையின் துக்கக் கூடத்துக்கு வந்த நேற்றிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு கோப்புகளைத்தான். ஒன்றின் பெயர் 'இறுதி - திருத்தியது'. மற்றது 'நிஜமாவே இறுதி'. சாங்வன் நகரத்தில் இப்படிப் பெயர் வைக்காத வரைவாளரை இனிமேல்தான் பார்க்க வேண்டும். அவளும் அதே தொழில்தான், அதே வியாதிதான்.

அப்பா வரைந்திருந்தது அம்மாவுக்கு ஒரு நாற்காலி. உட்கார்ந்தவரை மெல்லச் சாய்த்து எழுப்பி நிற்க வைக்கும். பக்கவாதம் வந்த மூன்று வருடமாக அம்மாவைத் தூக்கியதெல்லாம் அப்பாவின் முதுகுதான். நாளை அந்த முதுகு தகனத்துக்குப் போகிறது. போக்யங் உல்சான் நகரத்து வேலைக்குத் திரும்பியாக வேண்டும். பகலில் வரப்போகிற உதவிக்காரம்மாவால் அம்மாவைத் தூக்க முடியாது.

"நாளைக்கே தகடு வெட்டினாத்தான் உண்டு. அப்புறம் சூசொக் பண்டிகை லீவு, பட்டறையில ஒரு ஈ இருக்காது," என்றார் மாமா. "'திருத்தியது'ங்கிறதுல இருக்கை உயரம் நாப்பத்திரண்டு சென்டி. இன்னொண்ணுல நாப்பத்தஞ்சு. கால் தரையில படலேன்னா அக்கா குப்புற விழுந்துடுவாங்க."

"ஒரிஜினலைத் திறந்தா எதை எப்ப மாத்தினார்னு வரிசையா தெரிஞ்சிடும். ஆனா அது ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு, அவர் கணக்கை மூடிட்டாங்க மாமா. செத்த அன்னிக்கே."

"கில்லாடிப் பசங்க."

மாமாவின் பட்டறையில் இருப்பது வேறு மென்பொருள். அதனால் அப்பா இரண்டு வரைபடங்களையும் எந்த மென்பொருளும் படிக்கும் பொதுக் கோப்பாக மாற்றி வைத்திருந்தார், ஒரே நாளில், மொத்தமாக. அதனால் தேதியும் உதவவில்லை. பொதுக் கோப்பில் உருவம் மட்டும்தான் வரும். நூற்றுப்பதினாறு பாகங்களும் அதனதன் இடத்தில் திருத்தமாக நின்றன. எதை முதலில் வரைந்தார், ஏன் மூன்று சென்டி மாற்றினார் என்பதெல்லாம் மூலக் கோப்போடு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. படத்தில் அலுவலகச் சட்டையோடு அப்பா லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

அம்மா சக்கர நாற்காலியில், கறுப்பு உடையில், ஆறிப்போன மாட்டிறைச்சிக் குழம்பின் முன்னால் இருந்தாள். போக்யங் அவளருகே மண்டியிட்டாள்.

"அம்மா, அப்பா உன் நாற்காலியைப் பத்தி ஏதாவது சொன்னாரா? நாப்பத்திரண்டா?"

"ஆமா," என்றாள் அம்மா.

"நாப்பத்தஞ்சா?"

"ஆமா."

பக்கவாதம் விட்டு வைத்த ஒரே சொல் அதுதான். சாப்பிட்டாயா என்றாலும், வலிக்கிறதா என்றாலும், அப்பா போய்விட்டார் என்றாலும் ஆமாதான்.

"அவங்களைப் போய்க் கேக்கிறியே," என்றார் மாமா. துக்கத்துக்குப் போட்ட கோட்டிலும் அவர் அளவு நாடாவை மறக்கவில்லை. "காலை அளந்து பாத்துடு. எது ஒத்து வருதோ அதை வெட்டிடறேன்."

போக்யங் நாடாவை வாங்கி இழுத்தாள். அந்தக் கிரீச் சத்தம் கேட்டதும் அம்மா திரும்பினாள். யாரும் சொல்லாமலே நல்ல கையால் பாவாடையை முழங்கால் வரை சுருட்டினாள். வெள்ளைக் காலுறைப் பாதத்தைச் சக்கர நாற்காலியின் கால்பலகையிலிருந்து இறக்கித் தரையில் நேராக வைத்தாள். முழங்காலின் பின்மடிப்பில் ஒரு விரலை வைத்துக் காட்டினாள். அப்பா எத்தனை முறை அளந்திருப்பாரோ.

"நாப்பத்திரண்டு," என்றாள் போக்யங்.

"அப்போ திருத்தினதுதான்," என்று மாமா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நாடா சுருண்டு உள்ளே போயிற்று. அம்மா காலை எடுக்கவில்லை. விரலும் அங்கேயே இருந்தது. முகத்தைச் சற்று முன்னால் நீட்டி, மகளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

அளந்து முடித்ததும் அப்பா என்ன செய்வார் என்று போக்யங்குக்குத் தெரியவில்லை.

"போதும்மா," என்றாள்.

"ஆமா," என்றாள் அம்மா. கால் அப்படியே இருந்தது.