இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை

அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. எழுந்து மாடிப்படித் திருப்பத்துக்கு வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தான், கணினியைப் பார்க்கிற சாக்கில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவமைப்புப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அக்காவின் கணவர் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறார். மாதக் கடைசியில் ஆட்குறைப்பு. முதலில் போகப்போவது அத்தான். நல்லவேளையாக இன்னொரு கன்சல்டன்சி அவரை, கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் மூத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக எடுக்கத் தயாராக இருந்தது. பாக்கி, அவரைப் பற்றி அவளிடம் விசாரிக்கும் இந்த ஒரு போன்தான்.

"ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுடி, வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடாது" என்று அக்கா காலையில் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "இந்த வயசுல இதை விட்டா அவர யாருடி கூப்பிடுவாங்க?"

போனில் அந்தக் கன்சல்டன்சியின் முதலாளி அம்மாள். கட்டைக் குரல்.

"ஆளு தங்கமா இருக்காரே, எதுக்கு விடறீங்க?"

"ஆட்குறைப்பு, மேடம்."

"சரி. எங்ககிட்ட ஆள் கம்மி. அவர் கையெழுத்துப் போட்டா அவ்வளவுதான், அடுத்தது கான்கிரீட். யாரும் திருப்பிப் பாக்க மாட்டோம். அதான் கேக்கறேன். அவர் போட்டதுல ஏதாவது வம்பு வந்திருக்கா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல, மேடம்."

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆகாமல் பார்த்துக்கொண்டது அவள். அத்தானின் வரைபடம் எதுவும் அவள் முதலிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்காமல் சைட்டுக்குப் போனதில்லை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்குக் கம்பி மேல்பக்கம் ஓட வேண்டும். ஒருமுறை கீழ்ப்பக்கம் போட்டிருந்தார். கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுகளை எடுத்த அன்றே பால்கனி மடங்கி விழுந்திருக்கும். சத்தம் போடாமல் திருத்தி அனுப்பினாள். சொன்னால் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பாசம் என்று பேர் வைத்திருந்தாள்.

"வயித்துல பால வார்த்தீங்க! திங்கக்கிழமையே வரச் சொல்லிடறேன்."

அவள் கண்ணுக்குள், எங்கோ இன்னும் கட்டாத ஒரு பால்கனியில் யாரோ ஒருத்தி ஈரத்துணியை உதறினாள். முகம் தெரியவில்லை.

"மேடம், வச்சிடாதீங்க" என்றாள். "அவர் கணக்க இன்னொருத்தர் பாக்கணும். எப்பவுமே."

"இத்தன நாள் யாரு பாத்தாங்க?"

"நான்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அடப்பாவமே! தப்பே பண்ணாத மனுஷன்னு அவர நினைக்க வச்சதே நீங்கதானா?"

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். "வேலை இல்லன்னு நான் சொல்லிக்கறேன். ஏன்னு நீங்கதான் சொல்லணும். இன்னிக்கே சொல்லிடுங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அத்தான் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்து நின்றார், முகமெல்லாம் பல்லாக.

"என்னம்மா, மச்சினி புண்ணியத்துல தேறிட்டேனா?"

"உக்காருங்க அத்தான்" என்றாள். அவளே முதலில் உட்கார்ந்தாள்.