ஒன்பதாவது குறிப்பு

1

இருந்தவர்கள் மூன்று பேர். இடம்: மலேசியாவில் கிள்ளான், பூரணத்தின் வீட்டுப் பின்பக்கக் கூடம். நாள்: 26 ஜூன் 1994, ஞாயிறு, காலை பத்து மணி.

பூரணம், வீட்டுக்கார அம்மாள்: மேசையின் தலைப்பக்கம், சுவர்க் காலண்டருக்கு முதுகு காட்டியபடி.

கன்னையா, பம்பு மெக்கானிக்: கால்சட்டையெல்லாம் கிரீஸ் என்று நாற்காலியை மறுத்துவிட்டுப் பின்வாசல் படியில்.

பக்கிரிசாமி, ஓய்வுபெற்ற கிராணி (அலுவலக எழுத்தர்), அதாவது நான்: பூரணத்துக்கு எதிரே. காலண்டர் கண்ணில் பட்டது எனக்கு மட்டும்தான்.

யார், எங்கே, எப்போது என்று முதலில் எழுது, மீதி தானாக வரும் என்று பந்திங் பக்கத்தில் நான் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த முறை மீதி வரவில்லை. பூரணம் நான்கு வரிக் கடிதம் ஒன்று எழுதச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. அதை எழுத மனம் வராமல் கதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

2

முதல் தொடக்கம்: "மீன் சாகும்போது சத்தம் வராது." (அடித்துவிட்டேன். ஏதோ பெரிய எழுத்தாளர் மாதிரி இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "கன்னையா பொருத்திய பம்பு போதுமான காற்றைத் தராததால்

(இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

மூன்றாவது: பூரணமும் நானும் இருபத்திரண்டு வருடம் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசை. ஓய்வு பெற்றதும், வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த கால் ஏக்கரில் மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்த்து விற்கப்போவதாகச் சொன்னார். தொட்டித் தண்ணீர் பம்பில் ஏறி, கல் நிரப்பிய பாத்திகளுக்குள் பாயும். மீனின் கழிவு கீரைக்கு உரமாகும். தெளிந்த தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். பிரிக்பீல்ட்ஸில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் கங்கோங் கீரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தன.

எங்கிருந்தோ கிடைத்த ஆங்கிலக் கையேட்டைப் பதினான்கு தமிழ்க் குறிப்புகளாகச் சுருக்கியவன் நான். பூரணத்துக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் நான் எழுதிக் கொடுத்ததற்குப் பிறகு அவர் மூலத்தைப் பார்ப்பதில்லை. "நீங்கள் எழுதினால் அச்சடிச்ச மாதிரி" என்பார்.

அந்த ஜூன் ஞாயிறன்று கூடத்தில் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பாத்தியின் பரப்பை மீனை எண்ணி முடிவுசெய்யாதே, தினமும் போடும் தீவனத்தை நிறுத்து முடிவுசெய் என்பது மூன்றாவது. கன்னையா குறுக்கே புகுந்தார்.

"தண்ணி ஒரு தடவதான் மேல ஏறணும் அக்கா. அப்புறம் தானா எறங்கி வரட்டும். ரெண்டு எடத்துல பம்பு வச்சா ரெண்டு எடத்துல ரிப்பேர் லா."

"அந்த ஒண்டும் நிண்டால்?" என்றார் பூரணம்.

"பக்கத்துலயே இன்னொண்ணு சும்மா உக்காந்திருக்கும், நம்ம கிராணி அண்ணன் மாதிரி. கூப்பிட்டா எழும்பும்."

"அவர் எழும்புவார். உம்மட வாயைத்தான் நிப்பாட்ட ஏலாது."*

* கன்னையாவின் வேலைக்கு ஒரு சாட்சி. சுண்ணாம்புக் கல் தண்ணீரைக் கெடுக்கும் என்று ஐந்தாவது குறிப்பில் இருந்தது. வந்து இறங்கிய கல்லில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வினிகர் ஊற்றிப் பார்த்தார். நுரைத்தது, சுண்ணாம்புதான். லோரியை அப்படியே திருப்பி அனுப்பினார். கரண்டு போனாலும் தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்படி குழாயை உயர்த்தி வைத்தவரும் அவர்தான். அது கையேட்டில் இல்லை.

3

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, கற்பூரம் காட்டி, அறுநூறு திலாப்பியாக் குஞ்சுகளைத் தொட்டிகளில் விட்டோம். அடுத்த வாரம் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு மிதந்தன. பதினொன்றுதான் மிஞ்சியது.

தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருந்தது. அதை யார் சந்தேகப்படுவார்கள்? காற்றுப் போதவில்லை என்று பூரணம் நினைத்தார். காற்று என்றால் பம்பு. பம்பு என்றால் கன்னையா. அவர் மூன்று நாள் பம்பைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார்.

"எங்கியோ என் கையிலதான் தப்பு அக்கா. எங்கன்னு தெரியல. தெரியாத வேலய நான் தொட்டிருக்கக் கூடாது."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது டெங்கிலில் தோட்டத்து லோரிகளுக்கு டயர் மாற்றுகிறாராம். பம்பு என்று யார் வந்து கூப்பிட்டாலும் போவதில்லையாம்.

[இந்த இடத்தில் எனக்குக் கன்னையா மீதே சந்தேகம் வந்தது. செய்யாத தப்பை ஒருவர் இப்படி ஏற்றுக்கொள்வாரா? வாசகரே, நீங்கள் நம்புவீர்களா? ஒரு பிரதியில் அவரைக் கொஞ்சம் குடிக்க வைத்தேன். இன்னொன்றில் பழைய பம்புக்குப் பெயின்ட் அடித்துப் புதிது என்று கொடுக்க வைத்தேன். இரண்டிலும் கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். இரண்டையும் கிழித்துவிட்டேன்.]

4

ஒன்பதாவது குறிப்பு, நான் எழுதிப் படித்தபடி: "மீன் விடுவதற்கு முன் தண்ணீர் சில நாள் ஓடட்டும்."

கையேட்டில் உள்ளபடி: தினமும் சிறிது தீவனம் மட்டும் போட்டு ஆறு வாரம் ஓட விடவும். மீன் கழிவில் நஞ்சு இருக்கிறது. அதை உரமாக மாற்றுவது கல்லில் ஒட்டி வளரும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை பெருக ஆறு வாரம் வேண்டும். அதற்குள் மீன் விட்டால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

இதை நான் வாசித்தேன். புரியாமல் இல்லை.

ஆனால் பூரணம் அந்த வாரம் இரண்டு தடவை "எப்ப தொடங்கலாம்?" என்று கேட்டிருந்தார். எதிரே காலண்டர். ஆறு வாரம் பொறுத்தால் ஆடி குறுக்கே வரும். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கமாட்டோம். அப்புறம் ஆவணியில் நாள் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மாதம். அந்த முகத்தைப் பார்த்து இரண்டு மாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நுண்ணுயிர்தானே, மீன் வந்த பிறகு வளரட்டும் என்று "ஆறு வாரம்" இருந்த இடத்தில் "சில நாள்" என்று எழுதினேன். அழகான கையெழுத்தில்.

பம்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

5

பூரணம் கேட்ட நான்கு வரி இதுதான்: "கன்னையாவை வந்து பம்பை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி எழுதுங்கோ. கோவமில்லாமல் எழுதுங்கோ, பாவம்."

இன்று ஞாயிற்றுக்கிழமை. பஸ் பிடித்து வந்து, கடிதத்துக்குப் பதிலாக மேலே உள்ள நான்கு பகுதிகளையும் அவரிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு ரெண்டு மாசம் பொறுக்க ஏலாதெண்டு யார் சொன்னது?"

"நானாகத்தான்..."

"இருபத்திரண்டு வருசம் எனக்கு முன்னால இருந்தனீங்கள். இவ்வளவுதான் தெரியுமோ?"

எழுந்து பின்னால் போனார். திரும்பி வரமாட்டார், அல்லது வந்து என்னைப் போகச் சொல்வார் என்று எழுதியிருந்தேன். (அடித்தாயிற்று.) வந்தார். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், குஞ்சு விற்றவர் கொடுத்து இதுவரை பிரிக்காமலே கிடந்தது. அதில் தொட்டித் தண்ணீரும் இரண்டு சொட்டு மருந்தும். நஞ்சு இருந்தால் பச்சையாகும். அது மஞ்சளாகவே இருந்தது.

"அந்தப் பதினொண்டுக்கும் ஒவ்வொரு நாளும் தீன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறன். கல்லில அந்த உயிரெல்லாம் பெருகி, தண்ணி இப்ப பழுத்திட்டுது. அதையும் கன்னையாவுக்கு எழுதுங்கோ."

"அதையும் என்றால்?"

"ஒன்பதாவதை எழுதிப்போட்டு அதையும்."

6

முடிவு (அ): சனிக்கிழமை கன்னையா கருவிப் பையோடு வந்து இறங்குகிறார்.

முடிவு (ஆ): கடிதத்தைப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு அடுத்த டயரைக் கழற்றப் போகிறார்.

முடிவு (இ): "கிராணி அண்ணே, நான் உங்கள

(இதை விட்டுவிட்டேன். அவர் சொல்லக்கூடியதையோ சொல்லாததையோ நான் எழுதி வைக்கக் கூடாது. அடுத்தவர் பொறுமைக்கு நான் கணக்குப் போட்டது ஒரு தடவை போதும். வாசகர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். கன்னையாவை அவசரப்படுத்த வேண்டாம்.)

கடிதம் நான்கு வரிக்குள் அடங்கவில்லை. தேதி, இடம், இருந்தவர்கள் எல்லாம் முறைப்படி எழுதினேன். தப்பு யார் கையில் என்று எழுதினேன். கையேட்டின் அந்தப் பக்கத்தையும், கீழே சரியான தமிழ் எழுதி, உள்ளே வைத்தேன். பூரணம் பேனாவை வாங்கி அடியில் தன் கையால் சேர்த்தார்: "தம்பி, உம்மட பம்பு இன்னும் ஓடுது. நாங்கள் நிப்பாட்டேல்லை."

உறை தடித்துவிட்டது. ஒட்டி, ஓரத்தை விரலால் இரண்டு தடவை நீவி, தபால்தலை இரண்டாக வைத்தேன். தெருமுனைப் பெட்டி வரைக்கும் பூரணமும் கூட வந்தார். நாளைக் காலையில்தான் எடுப்பார்கள். உறையை என் கையிலிருந்து வாங்கி அவரே உள்ளே போட்டார். நான் போட்டால் பாதியில் பிடித்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார்.