புளியங்கொட்டைக் காசு

"புளியங்கொட்டையைக் காசாக்கினால் கடை நடக்காது, டீச்சரம்மா," என்று கொழும்பிலிருந்து கணவன் சுகிர்தன் போனில் சிரித்திருந்தான்.

"சும்மா இருங்கோ. வகுப்பறையைக் கூட்டினால் ரெண்டு கொட்டை. பிள்ளையள் உழைச்சுப் பென்சில் வாங்கட்டும்," என்றிருந்தாள் கௌசலா.

இன்று நாலாம் வகுப்புக்குத் தர்மிளா ஒரு பை நிறையக் கொட்டையோடு வந்தாள். "எங்கட வீட்டு மரத்துப் புளி, டீச்சர்!"

கௌசலா வகுப்பில் வைத்திருந்த கடையின் பென்சில் எல்லாம் அவளுக்கே போனது. பிறகு ஒரு பிள்ளையும் விளக்குமாற்றைத் தொடவில்லை. கௌசலாதான் குனிந்து கூட்டினாள்.

மாலையில், ஆளில்லாத வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டு, போனில் சுகிர்தனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"நான் சொன்னனான் எல்லோ! பிளாஸ்டிக் காசு வாங்கி அனுப்பிறன்."

எப்போதும் எதையாவது அனுப்புகிறவன்தான். கலியாணமான நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைக் களைப்பில் சொல்லிவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஒண்டும் அனுப்ப வேண்டாம். அந்தக் கொழும்பு வேலையை விட்டிட்டு நீங்கள் வீட்டுக்கு வாங்கோ."