பருந்தை விரட்டக் கட்டிய சிடிகள்

கர்ப்பிணிக்குத் தினமும் புது முட்டை கொடுக்க வேண்டும் என்று வேலை செய்யும் இடத்தில் யாரோ சொல்லிவிட்டார்களாம். அன்று சாயங்காலமே லிஃப்ட் மெக்கானிக் ஓர் அட்டைப்பெட்டியில் நாலு கோழிகளோடு வீட்டுக்குள் நுழைந்தான். மனைவிக்கு அப்போது மூன்றாவது மாதம். முட்டை வாடை பட்டால் போதும், அவள் தலையின் இடது பக்கத்தில் யாரோ ஸ்க்ரூ முடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு இது தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? அவனுக்கு நல்ல எண்ணம் வந்துவிட்டால் தடுத்து நிறுத்த ஆள் கிடையாது.

"யாருக்குங்க இந்தக் கோழியெல்லாம்?"

"உனக்குத்தான். முட்டை."

"முட்டை வாடைக்கே எனக்குத் தலை வெடிக்குதே."

"அப்ப குழந்தைக்குன்னு வச்சுக்கோயேன்."

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எந்த வழியாக முட்டை போகும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பைப் போட்டுவிடுவான்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓர் இருட்டறையில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்க வேண்டும். ஜனங்கள் ரொம்ப மரியாதையானவர்கள். இரண்டுமே நன்றாக இருக்கிறது என்பார்கள். ஒரு வாரம் கழித்து வந்து சண்டை போடுவார்கள்.

ஒற்றைத் தலைவலி அவளுக்குப் பதினாறு வயதில் வந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் நல்ல பழக்கம். வருமுன் சொல்லிவிட்டு வரும் ஜாதி அது. பார்வையின் ஓரத்தில் ஒரு கோணல்மாணலான வெளிச்சக் கோடு கிளம்பும், இருபது நிமிஷம் மெல்ல நகரும், பிறகு மறையும். மறைந்ததும் இடது நெற்றிப்பொட்டில் இடி. முன்பெல்லாம் கோடு தெரிந்ததுமே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். கர்ப்பம் என்றதும் டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, பெரிய மனசு பண்ணி பாராசிட்டமால் எழுதிக்கொடுத்தார். அந்தத் தலைவலிக்குப் பாராசிட்டமால் என்பது, தீப்பிடித்த வீட்டில் டம்ளர் தண்ணீரோடு நிற்பது போலத்தான்.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. மாமியார் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, தான் மூன்று பெற்றும் தலைவலி என்றால் என்னவென்றே அறிந்ததில்லை என்று ஆறுதல் சொன்னாள். கடை முதலாளி, கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் எல்லாம் வலிக்கும் என்றார், மூன்று தடவை அனுபவித்தவர் மாதிரி. மாடிவீட்டுக்காரர், ரிட்டையராகி எல்லாம் தெரிந்துகொண்டவர், எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னார். ஈரத்துணியும், திரை போட்ட ஜன்னலும், யாரும் வாயைத் திறக்காத வீடும்தான் அவளுக்கு நிஜமாகவே உதவின. முதல் இரண்டும் சுலபமாகக் கிடைத்தன.

மூன்றாவதற்கு வழியில்லை, ஏனென்றால் கொல்லையில் போர் ஆரம்பமாகியிருந்தது. முதல் வாரமே ஒரு கீரி வந்து ஒரு கோழியைக் கழுத்தில் கடித்துப் போட்டுவிட்டுப் போனது. சாப்பிட்டிருந்தாலாவது மனசு ஆறும் என்றான் மெக்கானிக். கூண்டைச் சுற்றி ஒரு முழம் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, கம்பிவலையை மண்ணுக்குள் புதைத்தான். பிறகு ஒரு மரநாய் கூரைத் தகரத்தை நெம்பி உள்ளே இறங்கி இரண்டைத் தீர்த்தது. தகரத்துக்கு மேல் தகரம் போட்டான், லிஃப்டுக்குப் போடுகிற போல்ட்டையே போட்டான். இடையில் ஒரு பாம்பு முட்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாம்பைப் பற்றி மட்டும் அவளுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை.

ஐந்தாம் மாதத்தில் தலைவலி தானாகவே அடங்கியது. பலருக்கு அப்படி அடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதம் அவள் ராணி மாதிரி இருந்தாள். அந்தத் தைரியத்தில் மெக்கானிக் மேலும் எட்டுக் குஞ்சுகளை வாங்கி வந்தான்.

குஞ்சு என்றால் பருந்து வரும். வந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து, மெனு கார்டு பார்ப்பது போல நிதானமாகப் பார்த்து, எட்டில் இரண்டைத் தூக்கிப் போனது. மேலே கட்டுகிற வலைக்கு ஆர்டர் கொடுத்திருந்தான், அது அடுத்த வாரம் வரும். அதுவரைக்கும் பழைய சிடிகளைக் கம்பியில் தொங்கவிடலாம், பளபளப்பைக் கண்டால் பருந்து கிட்டவே வராது என்றார் மாடிவீட்டுக்காரர். அவரே தன் சேகரிப்பிலிருந்து பதினான்கு சிடிகளைத் தானம் செய்தார். அவர் மனைவி ரொம்ப நாளாகத் தூக்கிப்போடச் சொல்லிக்கொண்டிருந்தவை.

எட்டாம் மாத நடுவில் தலைவலி திரும்பி வந்தது.

ஒரு வாரமாக முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. முகத்தில் களை கூடியிருக்கிறது என்றார்கள் கடையில். மோதிரம் விரலை விட்டு வர மறுத்தது. அவள் ஒரு சோப்புத் துண்டோடு அதனுடன் மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை. இருவருக்கும் விடுமுறை. பதினோரு மணிக்கு அவள் படுக்கையறையில் திரைகளை இழுத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணியோடு கிடந்தாள். தலை விண்விண்ணென்று தெறித்தது. போதாக்குறைக்குக் கண்ணெதிரே பொடிப்பொடியாக வெளிச்சங்கள் மின்னின. சுவரில், கூரையில், அலமாரிக் கதவில், எங்கே பார்த்தாலும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொல்லையில் காற்றுக்குச் சுற்றுகிற சிடிகளின் பளபளப்பு திரை இடுக்கு வழியாக வந்து கண்ணைக் குத்துகிறது. பருந்தை விரட்டுகிறானாம். பெண்டாட்டியை அல்லவா விரட்டிக்கொண்டிருக்கிறான்!

"ஏங்க! அந்தச் சிடியெல்லாம் கழட்டுங்க!"

"ஏம்மா?" கொல்லையிலிருந்து அவன் குரல்.

"வெளிச்சம் கண்ணைக் குத்துது. கழட்டுங்கன்னா கழட்டுங்க."

"பருந்து தொட்டிமேலயே உக்காந்திருக்கு..."

"அதையும் உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க. காபி போட்டுத் தரேன்."

அவன் கழட்டினான். கம்பி அசைகிற சத்தமும், சிடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற சத்தமும் மண்டைக்குள் ஒவ்வொன்றாக இறங்கின. பதினான்கு. அவள் கண்ணைத் திறந்தாள். அலமாரிக் கதவில் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு!"

"இல்லம்மா, எல்லாம் எடுத்தாச்சு."

"பொய் சொல்லாதீங்க. கூண்டுக்கு மேல ஒண்ணு விட்டு வச்சிருக்கீங்க."

"சத்தியமா இல்ல."

கோழிக்காகச் சத்தியம்வரைக்கும் போகிறான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடித்து நாலு கேள்வி கேட்டால்தான் ஆறும் என்று எழுந்தாள். எழும்போது வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி இழுத்துப் பிடித்தது. குழந்தை உதைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கொல்லை வாசலுக்கு வந்தாள்.

கம்பி வெறுமையாக இருந்தது. பதினான்கு சிடிகளும் துவைக்கிற கல்லின்மேல், துண்டு போட்டு மூடி, அடுக்காக இருந்தன. திருட்டு முழி முழிக்க வேண்டியவன் இடுக்கியோடு அப்பாவியாக நின்றுகொண்டிருந்தான். கீழே ஆறு குஞ்சுகளும் மிச்சமிருந்த ஒற்றைக் கோழியும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. வெளிச்சப் பொடிகள் அவற்றின்மேல் மின்னின. மண்ணில் மின்னின. அவன் சட்டையில் மின்னின.

அவள் இடது கண்ணைக் கையால் பொத்தினாள். மின்னியது. வலது கண்ணைப் பொத்தினாள். மின்னியது. கடையில் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் செய்கிற காரியம்தான். பிறகு இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

இருட்டுக்குள்ளும் மின்னிக்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்றே?"

அவளுடைய பழைய சிநேகிதன் இப்படி வருவதில்லை. ஓரத்தில் கிளம்பி, நகர்ந்து, மறைந்த பிறகுதான் வலியைக் கூட்டி வருவான், அதுவும் இடது பக்கத்துக்கு. இது நகரவில்லை. மறையவும் இல்லை. வலியோ நெற்றி முழுக்கப் பரவியிருந்தது. பதினேழு வருஷமாகத் தன் தலைவலியைத் தனக்குத் தெரியாதா என்று எல்லாரையும் மடக்கியவள், காலையிலிருந்து யாரோ ஒருத்தியின் தலைவலியைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் மெக்கானிக் ஒட்டிய அட்டவணை இருந்தது. கீரி, காலை ஏழு முதல் ஒன்பது. பருந்து, பதினொன்று முதல் ஒன்று. மரநாய், இருட்டிய பிறகு. அதைக் கிழித்தாள். அடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள். எழுத்துகள் பாதி மின்னலில் அழிந்தன, இருந்தாலும் படித்தாள். விடாத தலைவலி, கண்ணில் மின்னல், முகவீக்கம், விலாவுக்குக் கீழே வலி: இவற்றில் எது இருந்தாலும் உடனே வரவும். எது இருந்தாலுமாம். அவளிடம் முழு செட்டும் இருந்தது.

"சிடியில்லைங்க," என்றாள். "என் கண்ணுதான். ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

அவன் ஒரு விநாடி அவள் முகத்தைப் பார்த்தான். உப்பிய முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு மாடியை நோக்கிக் கத்திய கத்தலில் மாடிவீட்டுக்காரர் பனியனோடு கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

வாசலைத் தாண்டும்போது கொல்லையில் இறக்கை அடிக்கிற சத்தமும், பின்னாலேயே கோழியின் அலறலும் கேட்டன. தொட்டிமேல் இருந்தவர் பளபளப்பு போனதும் இறங்கிவிட்டார். அவள் முழங்கையைப் பிடித்திருந்த கை ஒருமுறை இறுகியது. அவ்வளவுதான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து அவன்மேல் சேர்த்துவைத்திருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே அவளுக்குக் கரைந்துபோனது. மீதிப் பாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காரில் ஏறினாள்.

வழி முழுக்க மாடிவீட்டுக்காரர், வெறும் பித்தமாகத்தான் இருக்கும் என்று தைரியம் சொன்னார். ஆனால் ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி மேஜையில் இருந்த நர்ஸ் தலை நிமிராமல் கேட்டாள். "என்ன பிரச்சினை?"

"தலைவலி."

"எப்பவும் வர்றதாம்மா?"

"ஆமா, சின்ன வயசுலேர்ந்தே..." என்று வாய் தானாகவே ஆரம்பித்தது. இத்தனை வருஷப் பழக்கம்.

"மாசமா இருக்கறப்ப வர்றதுதான். டோக்கன் பத்தொம்பது. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போகிற தன் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரு கணம் நினைவுக்கு வந்தார்கள். இத்தனை வருஷமும் வலி வந்தால் கிண்டல் செய்வாள், கோபப்படுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருபோதும் சொல்லாத ஒன்றை இப்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இல்ல சிஸ்டர். இது எப்பவும் வர்றது இல்ல. கண்ணை மூடினாலும் மின்னுது. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

பக்கத்தில் மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை.

நர்ஸ் நிமிர்ந்தாள். முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள். பிறகு நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து நின்று, உள்ளே பார்த்து ஸ்ட்ரெச்சர் கேட்டுக் கூவினாள். அவளுடைய தலைவலிக்காக ஒருவர் எழுந்து நிற்பது அதுதான் முதல் தடவை.

நூற்று எழுபத்தெட்டு, கீழே நூற்றுப் பதினாறு. ரத்த அழுத்தம் இப்படி ஏறினால் வலிப்பு வரும், இரண்டு உயிருக்கும் ஆபத்து, இன்றைக்கே குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் கொதித்தது. வயிற்றில் வைத்த கருவியிலிருந்து குழந்தையின் இதயம் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. மெக்கானிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். எங்கே போட வேண்டும் என்று மூன்று முறை காட்ட வேண்டியிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தார்கள். பெண். ஒன்றே முக்கால் கிலோ. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெகுநேரம் குழந்தையின் சத்தமே இல்லை. ஆட்கள் நடக்கிற சத்தம், ஏதோ கிண்ணம் வைக்கிற சத்தம். அவள் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள், அதில் கண் கூசியபோதும் இமைக்கவில்லை. கடைசியில் எண்ணெய் போடாத கதவுக் கீல் போல ஒரு கிறீச்சல் கேட்டது. நின்றது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது.

அந்த அலறல் நேராக மண்டைக்குள் இறங்கியது. வலி இன்னும் போகவில்லை, இரண்டு நாளாவது ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். தலைமாட்டில் நின்ற நர்ஸ் அவள் முகம் சுளிப்பதைக் கவனித்துவிட்டு, குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோவதற்குமுன் கிட்டக் காட்ட வந்த இன்னொரு நர்ஸிடம், "வேண்டாம், அந்தப் பக்கமாவே கொண்டுபோ. இவங்களுக்குச் சத்தம் ஆகாது," என்றாள்.

"ஐயோ, இல்ல சிஸ்டர்," என்றாள் அவள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. "கிட்ட கொண்டு வாங்க. இன்னும் கொஞ்சம் கத்தட்டும்."