ஜெனரேட்டருக்குப் போட்ட கட்டு

தம்பி செய்து வைத்திருந்த காரியத்தைப் பார்த்ததும் அக்காவுக்குத் தலை கிறுகிறுத்தது. அவள் வடிவமைத்த ரப்பர் கால்கள்மேல் சும்மா நிற்க வேண்டிய கப்பல் ஜெனரேட்டரை, இரும்புப் பட்டை போட்டுத் தரையோடு இறுக்கிக் கட்டியிருந்தான் அந்தப் புத்திசாலி.

போர்க்கப்பல் குண்டு அதிர்ச்சியைத் தாங்குமா என்று மதியம் சோதனை. கப்பலுக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கடியில் வெடி வைப்பார்கள். அந்த அடியில் கப்பலின் தரை துள்ளும். ரப்பர் கால் துள்ளலை வாங்கிக்கொண்டு இயந்திரத்தை ஆடவிடும், ஆடினால் பிழைக்கும். கட்டிப்போட்டால் அடி முழுக்க இரும்பில் இறங்கி, போல்ட் தெறித்துப் பக்கத்தில் நிற்பவன்மேல் பாயும். பக்கத்தில் நிற்கப்போகிற மெக்கானிக் இவனேதான்.

"ஏண்டா இப்படிப் பண்ணே?"

"ஓடும்போது ஆடிக்கிட்டே இருக்குக்கா. உங்க அக்கா செஞ்சது ஆட்டம் காணுதுன்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க. மனசு கேக்கலை."

கண் மண் தெரியாத பாசம். இதற்கு அவனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா?

அவள் நேரே போய்க் கேப்டனிடம் சொல்லிவிட்டாள். பட்டைகளை அறுத்தெடுத்தார்கள். கேப்டன் கடுகடுவென்று இருந்தார்.

"இவனைக் கரையில இறக்கிடுறேன். வேற ஆள் நிக்கட்டும்."

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அம்மா போனபிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. தப்பித்தான்.

தம்பியின் முகம் தொங்கிப்போயிற்று. "வேற ஆள் நிக்கலாம், நான் நிக்கக்கூடாதா? உன் ரப்பர்மேல உனக்கே நம்பிக்கை இல்லையாக்கா?"

அந்த வேற ஆளுக்கும் வீட்டில் ஓர் அக்கா இருப்பாள். இவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"சார், இவனே நிக்கட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா சார்."

"சரி. தண்டனையை அப்புறம் பேசிக்கிறேன்."

மதியம் அவள் தள்ளி நின்ற படகிலிருந்து பார்த்தாள். கடல் வெள்ளையாக எழுந்து விழுந்தது. கப்பல் ஒரு தடவை உடம்பை உதறிக்கொண்டது. கேப்டன் ஒவ்வோர் அறையாகக் கூப்பிடுவது படகின் வயர்லெஸ்ஸில் கேட்டது. ஒவ்வொன்றும் பதில் சொன்னது. ஜெனரேட்டர் அறை மட்டும் பேசவில்லை. தானே அனுப்பினோமே, தன் வாயாலேயே சொன்னோமே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

"ஜெனரேட்டர் ரூம்! பதில் சொல்லு!"

"ஓடுது சார்! இப்படியும் அப்படியும் ஆடிச்சு, அப்புறம் ஆட்டம் தானா அடங்கிடுச்சு. அதையே வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் படகுக்காரரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"எருமை! வேடிக்கையாடா பாத்தே?"

மைக்கின் பொத்தானை விடத் தோன்றாமல், கப்பல் முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.