கேடயத்தின் பசி

மேடையில் டாக்டரின் கைக்கு வந்த நொடியில் கேடயத்துக்கு வயிறு இரைந்தது. கடகடவென்ற அந்தச் சத்தம் மைக் வழியாக அரங்கத்தின் கடைசி வரிசை வரை போனது. குழந்தைகளின் செரிமான நலம் பற்றிய சிறந்த ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் தரப்படும் விருது அது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வயிற்று டாக்டர்கள் என்பதால் யாரும் பதறவில்லை. பசிச் சத்தம்தான், வியாதி ஒன்றுமில்லை என்று முன்வரிசையில் பேசி முடிவு செய்தார்கள். தலைவர் விதியை வாசித்தார்: ஒரே ஒரு குழந்தையைப் பற்றி எழுதியது தவறென்று தெரிந்தாலும் விருதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். டாக்டர் நிம்மதியாகத் தலையாட்டினார். பதினோரு வருட உழைப்பில் அவர் ஒரு வரிகூடப் பொய்யாக எழுதியதில்லை.

ஆராய்ச்சி இதுதான். தீராத வயிற்றுவலிக்காரக் குழந்தைகள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து, சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை ஒரு பையில் ஊத வேண்டும். அந்த மூச்சை அளந்தால் குடல் எதைச் செரிக்க மறுக்கிறது என்று தெரிந்துவிடும். கடைசி ஊதல் முடிந்ததும் டாக்டரே வந்து தலையில் கை வைத்து, "இனி சாப்பிடலாம்" என்பார். அவர் சொல்லும்வரை வாயில் எதுவும் வைப்பதில்லை என்று, பெற்றவர்களை நம்பாமல், குழந்தைகளிடமே சத்தியம் வாங்கிவிடுவார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். செரிக்காததை விலக்கியதும் இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கு வலி நின்றது. கடைசியாகச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமிக்கு நேரே மட்டும் "திரும்ப வரவில்லை" என்று எழுதியிருந்தார்.

கேடயம் வரவேற்பறை அலமாரிக்குப் போனது. பகலெல்லாம் அரை மணிக்கு ஒருமுறை இரைந்தது. டாக்டரின் கணவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதைக் கேட்டே வேலைக்குக் கிளம்பினார். விருந்தாளிகள் தங்கள்மேல் பழி விழுமோ என்று அடிக்கடி செருமினார்கள். மாமியார் அதற்கு ஒரு கம்பளி போர்த்திப் பார்த்தார். நான்கு வருடம் ஓடியது. பிறகு டாக்டர் அதை ஆஸ்பத்திரி அறைக்கு எடுத்துப் போனார். வார்டு நர்ஸ் பொறுமையாக மூன்று தடவை கேட்டாள்.

"அரை மணிக்கு ஒரு தடவைன்னா நம்ம ஊதல் கணக்குதான் மேடம். கடைசிப் பொண்ணு பாதி ஊதிட்டிருந்தப்ப விருதுக் குழு வந்திருக்குன்னு கீழ ஓடுனீங்களே, அவகிட்ட சாப்பிடலாம்னு சொன்னீங்களா?"

அன்று டாக்டர் அதைச் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் மதியம் கேடயத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பழைய பதிவேட்டில் இருந்த முகவரிக்குப் போனார். மூன்றாவது மாடி, படிக்கட்டில் ஆறு ஜோடிச் செருப்பு. சிறுமியின் அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, எதிர்பார்த்திருந்தவள் போல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மகள் அன்றிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை என்றாள். மற்றபடி குறையில்லை, வருடத்துக்கு ஒரு அளவு பெரிய செருப்பு வாங்க வேண்டியிருக்கிறது, ஓட்டப்பந்தயத்தில் அவள்தான் முதல், வலியும் போன இடம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் முதலில் கேள்வி கேட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அம்மா தினமும் மதியம் தட்டு வைத்து, தினமும் எடுத்துவிடுவாள். இப்போதும் மேஜையில் தட்டு இருந்தது. அதன் முன்னால் கை கழுவிய சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அவள் தலையில் கை வைத்தார். "இனி சாப்பிடலாம்."

சிறுமி சாப்பிட்டாள். முதல் வாயை அவள் விழுங்கியதுமே பைக்குள் சத்தம் நின்றுபோனது. அதன்பின் அது எந்தக் கேடயத்தையும் போலத்தான் இருந்தது. சிறுமி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள். டாக்டருக்கு மனம் லேசானது. நீங்கள் ஒருமுறை திரும்ப வந்திருந்தால் இவளையும் குணமானவர்களில் சேர்த்திருப்பேனே என்று செல்லமாகக் குறைபட்டுக்கொண்டார்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "மூணு தடவை வந்தோம் டாக்டர். கணக்கு முடிஞ்சுபோச்சு, இனிமே வராதீங்கன்னு உங்க ரூம் வாசல்ல நின்னு நீங்கதானே சொன்னீங்க."