பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வீடியோ கால் என்று மரிசெல் போன வாரமே சொல்லியிருந்தாள். நஸீஹா தலையாட்டிவிட்டு மறந்துபோனாள். ஒன்றே முக்காலுக்கு மரிசெல் ஈரக் கையைத் துடைத்தபடி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் ஞாபகம் வந்தது.

"மேம், பாஸ்போர்ட் வேணும். நோட்டரிகிட்ட காட்டணும்."

நஸீஹா லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னிக்கா?" என்றாள்.

சிங்கப்பூரில், செம்பவாங்கில் எட்டாவது மாடி வீடு. நஸீஹா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். புதன்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை. கணவன் இர்ஃபானுக்கு சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை. மகள் யும்னாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது பிலிப்பீன்ஸிலிருந்து மரிசெல் வீட்டு வேலைக்கு வந்தாள். இப்போது யும்னாவுக்கு ஏழு. வந்த அன்றைக்கே மரிசெல்லின் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள் நஸீஹா. "உன்கிட்ட இருந்தா தொலைஞ்சிடும். என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்." அது சட்டப்படி தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் பலரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். மரிசெல்லும் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை.

இந்த வீடியோ காலுக்கே காரணம் நஸீஹாதான். மூன்று வாரம் முன்னால் மரிசெல் தூதரகத்துக்குப் போக ஒரு நாள் லீவு கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை முடியாது, வார நாளில்தான் போக வேண்டும், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடணும் என்றாள். "இந்த மாசம் ஆபீஸ்ல செம பிஸி லா. அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாள் நஸீஹா. என்ன பேப்பர் என்று கேட்கவில்லை. மரிசெல் மறுபடி கேட்காமல், தோழி ஒருத்தி மூலமாக, வீடியோ காலிலேயே நோட்டரி கையெழுத்து செய்து தரும் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

நஸீஹா அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். "முடிஞ்சதும் குடுத்துடு."

"சரி, மேம்."

மரிசெல் படுப்பது பாம் ஷெல்ட்டரில், குண்டு விழுந்தால் பதுங்கிக்கொள்ள வீட்டுக்குள்ளேயே கட்டிவைத்த ஜன்னலில்லாத சின்ன அறையில். அதன் தடித்த காங்கிரீட் சுவருக்குள் சிக்னல் நிற்கவில்லை. இரண்டு தடவை கால் அறுந்தது. மூன்றாவது தடவை அவள் போனோடு வெளியே வந்து தயங்கி நின்றாள்.

"இங்கேயே உட்காரு" என்று மேசையைக் காட்டிவிட்டு, நஸீஹா லேப்டாப்போடு சோபாவுக்கு மாறினாள்.

திரையில் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தாள். மரிசெல்லின் ஊர்க்காரிதான், ஆனாலும் பதிவுக்காக ஆங்கிலத்தில் பேசினாள்.

"மிஸ் மரிசெல் வில்லாருவெல், வணக்கம். நீங்கள் இருக்கும் அறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள்."

போன் மெதுவாகத் திரும்பியது. நஸீஹாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"அது யார்?"

"என் மேடம்."

"மேடம், தயவுசெய்து வெளியே போங்கள். கையெழுத்துப் போடுகிறவர் தனியாக இருக்க வேண்டும்."

தன் வீட்டு ஹாலிலிருந்து தன்னை ஒருத்தி எழுப்பி அனுப்புவது நஸீஹாவுக்குச் சுருக்கென்றது. படுக்கையறைக்குப் போயிருக்கலாம். கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு காரிடாருக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பக்கத்து வீட்டுத் தங்கம் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா, சாவியை மறந்துட்டியா?"

"இல்லக்கா. உள்ள மரிசெல் ஒரு முக்கியமான கால்ல இருக்கா."

"அவ பேசுறதுக்கு நீ வெளிய நிக்கிறியா? ரொம்ப நல்ல மேடம்தான் போ!" தங்கம் அக்கா சிரித்தபடி உள்ளே போய்விட்டார்.

நஸீஹாவும் சிரித்தாள். காரிடார் பக்கத்து ஜன்னல் பாதி திறந்திருந்தது. ஒட்டுக் கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை. ஆனால் கேட்டதும் நகரவும் இல்லை.

நோட்டரி பத்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். மரிசெல்லின் பதினான்கு வயது மகள் ஏஞ்சலுக்குக் காதில் அறுவை சிகிச்சை. தாய் நேரில் வர முடியாததால், தாயின் இடத்தில் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட மரிசெல்லின் தங்கைக்கு அதிகாரம். சிகிச்சை அடுத்த திங்கட்கிழமை.

அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தான் சொன்னது நஸீஹாவின் நினைவுக்கு வந்தது. மரிசெல்லுக்கு மகள் உண்டு என்று தெரியும். அவளுக்குக் காதில் கோளாறு என்று தெரியாது. நான்கு வருஷத்தில் கேட்டதே இல்லை.

"யாராவது கட்டாயப்படுத்தியா கையெழுத்துப் போடுகிறீர்கள்?"

"இல்லை."

"கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. உங்கள் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? வேலை செய்யும் இடத்தில் வேறு யாராவது வாங்கி வைத்திருக்கிறார்களா?"

நஸீஹாவின் காதுமடல் சூடானது. எதிர் பிளாக்கிலிருந்து யாரோ பார்ப்பது போல இருந்தது.

"இல்லை. எப்போதும் என்னிடம்தான் இருக்கிறது" என்றாள் மரிசெல்.

பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. "முடிஞ்சுது, மேம். தேங்க்யூ." மரிசெல் இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

நஸீஹா அதைத் தொடவில்லை. "நீயே வச்சுக்கோ. அது உன்னோடது."

மரிசெல் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். "எங்க வைக்கட்டும், மேம்?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்த அறையில் அவளுக்கு ஒரு மெத்தை, ஒரு திறந்த ஷெல்ஃப். மீதி இடமெல்லாம் நஸீஹாவின் அரிசி மூட்டை, வேக்கும் கிளீனர், யும்னாவின் பழைய சைக்கிள். பூட்டி வைக்க ஓர் இழுப்பறைகூடக் கிடையாது.

நஸீஹா நாற்காலியில் உட்கார்ந்தாள். எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "நான் வெளியிலேர்ந்து எல்லாம் கேட்டுட்டேன், மரிசெல். எனக்காக நீ பொய் சொல்லியிருக்க வேண்டாம். என்னைக் காப்பாத்தினதுக்கு தேங்க்ஸ்."

மரிசெல் கோபம் கொஞ்சமும் இல்லாத குரலில், "உங்களுக்காகச் சொல்லல, மேம்" என்றாள். "உங்ககிட்ட இருக்குன்னு சொன்னா அவங்க நிறுத்திடுவாங்க. பேப்பர் கிடைக்காது. திங்கட்கிழமை ஆபரேஷன்."

சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்ததைப் பார்க்கப் போனாள்.

நஸீஹா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தான் செய்தது தப்பு என்று காரிடாரில் நின்றபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பொய்யைக் கேட்ட நொடியில், இவளுக்கு என் மேல் பாசம் இருக்கிறது என்று மனசு குளிர்ந்திருந்தது. இப்போது அதை நினைக்கத்தான் உடம்பு கூசியது.

மாலையில் இர்ஃபானிடம் சொன்னாள்.

"இவளை அனுப்பின ஏஜென்ட்டே பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கத்தானே சொன்னான்? இப்போ குடுத்துட்டேல்ல, விடு லா" என்றான் அவன்.

"குடுத்தேன். வைக்க இடமில்லாம கையிலயே வச்சுக்கிட்டு நின்னா."

இர்ஃபான் எழுந்துபோய், ஷெல்ட்டரிலிருந்து சைக்கிளை வெளியே எடுத்து வைத்தான். மறுநாள் அரிசி மூட்டையும் வேக்குமும் சமையலறைக்குப் போயின. சனிக்கிழமை நஸீஹா லிட்டில் இந்தியாவில் பூட்டுள்ள சின்ன இரும்பு அலமாரி ஒன்று வாங்கி வந்தாள். இரண்டு சாவிகளையும் மரிசெல்லிடம் கொடுத்தாள். "ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டுமா, மேம்?" என்று மரிசெல் கேட்டபோது, நஸீஹா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை நஸீஹா லீவு போட்டாள். "இன்னிக்கு நீ எதுவும் செய்ய வேணாம். தங்கச்சிகூட போன்ல இரு." மரிசெல் ஹாலிலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு அவள் குரல் உடைந்து அழுவது கேட்டது. சமையலறையில் நின்ற நஸீஹா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். திரையில் தலையில் கட்டோடு ஒரு சிறுமி, தூக்கக் கலக்கத்தில் கையை அசைத்துக்கொண்டிருந்தாள்.

போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. மன்னிப்பும் கேட்க வேண்டும். ஆனால் அவர்கள் நடுவில் போய் நிற்கத் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று பட்டது. யும்னாவை அழைத்து வர நேரமாகிவிட்டது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு நஸீஹா கீழே இறங்கினாள்.